ஞாயிற்றுக்கிழமைக் குழி

குடிநீர் இலாகாவில் குழாய்களைப் பழுது பார்ப்பது அவருடைய வேலை. இருபத்தாறு வருடமாக அதே வேலை. எல்லோரும் பைப்புக்காரர் என்று கூப்பிடுவார்கள். அவருக்கு வேறு பெயர் இருப்பது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

காது கூர்மையான மனிதர். ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, கீழே எங்கே தண்ணீர் கசிகிறது என்று சொல்லிவிடுவார். கம்பிக்கு அடுத்தபடியாக அவர் காது கொடுப்பது, மொபெட்டின் ஹேண்டில்பாரில் கயிற்றால் கட்டி வைத்திருக்கும் சின்ன ரேடியோவுக்கு.

உள்ளூர் வானொலியில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நேயர்கள் போனில் பேசுவார்கள். மாமியார் மருமகள் தகராறு, வராத பஸ், தெருநாய், பிள்ளைகள் கையில் செல்போன் கொடுக்கலாமா கூடாதா, எல்லாம் வரும். நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. எழுபது வயதுக்காரர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பைப்புக்காரர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கேட்பதோடு சரி. யாராவது எங்கள் தெருவில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொன்னால் மொபெட்டைத் திருப்பிவிடுவார். இலாகாவில் புகார் சொன்னால் அது நோட்டில் ஏறி, இன்ஜினியர் மேஜைக்குப் போய், உத்தரவாக இவர் கைக்கு வந்து சேர நாலு நாள் ஆகும். ரேடியோவில் சொன்னால் நாற்பது நிமிடம். மறுநாள் அந்த நேயர் கூப்பிட்டு அக்காவுக்கு நன்றி சொல்வார். "பாத்தீங்களா, நம்ம நிகழ்ச்சியோட பலத்தை!" என்பாள் அக்கா. ஏதாவது ஒரு வால்வுக் குழிக்குள் நின்றபடி பைப்புக்காரரும் தலையாட்டுவார்.

இன்ஜினியருக்கு இது பிடிப்பதில்லை.

"யோவ், நீ எனக்கு வேலை பாக்கிறியா, அந்தப் பொண்ணுக்கா?"

"சம்பளம் நீங்கதானே சார் போடறீங்க" என்பார் இவர். இன்ஜினியருக்கு அது பதிலா இல்லையா என்று பிடிபடாது.

வீட்டில் பேசுகிற பொறுப்பு மனைவியுடையது. தையல் மெஷினுக்கு எதிரில் ஜன்னலில் அவளுக்கென்று ஒரு ரேடியோ. எட்டு ஐம்பத்தொன்பதுக்குச் செய்தி முடிந்து வானிலை சொல்லும்போது டயல் செய்தால் முதல் லைன் கிடைக்கும் என்பதைக் கண்டுபிடித்தவள் அவள். வாரத்துக்கு இரண்டு நாளாவது பேசிவிடுவாள். "தையல்காரம்மா வந்துட்டாங்க" என்று அக்காவே சிரிப்பாள். துணி கொடுக்க வருகிறவர்கள் அளவெடுக்கும்போது சொல்வார்கள்: "ரேடியோவுல நீங்க பேசினா கேக்கணும்மா. உள்ளதை உள்ளபடி சொல்றீங்க." அன்றைக்கு அந்தத் துணியில் தையல் இன்னும் நெருக்கமாக விழும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிகழ்ச்சி கிடையாது, பாட்டுத்தான். அந்த ஞாயிறு பைப்புக்காரர் குளித்துவிட்டு வெளியே வந்தபோது ஒன்பதே கால். ரேடியோவில் பேச்சுக் குரல் கேட்டது. பரவாயில்லையே, ஞாயிற்றுக்கிழமையும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே தலை துவட்டினார்.

"அக்கா, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி தெருவுல இருந்து பேசறேன். ரிட்டயர்டு வாத்தியார். லைட் கம்பம் பக்கத்துல நாலு நாளா தண்ணி பொங்குது. பாசியே பிடிச்சிருச்சு. நேத்து நான் வழுக்கி விழப் பாத்தேன்."

துண்டு தலையிலேயே நின்றது. அந்தக் கம்பம் அவருக்குத் தெரியும். போன வருடம் அதன் அடியில் ஜாயின்ட் போட்டவர் அவர். வருடத்துக்கு முந்நூறு ஜாயின்ட் போடுகிறார். போட்டது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவர் இலாகாவில் சொல்லாத நாள் இல்லை. கேட்பவர்கள் எழுந்து போன பிறகும் சொல்லியிருக்கிறார். இப்போது ஒன்று திரும்பி வந்துவிட்டது. ரேடியோவில், எல்லோரும் கேட்க. நாளைக்கு நோட்டில் ஏறுவதற்குள் சத்தமில்லாமல் முடித்துவிட வேண்டும்.

"லீவு நாள்ல எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா, காத்து வாங்க."

"கடப்பாரையோடயா?"

அவர் காதில் விழாததுபோல் மொபெட்டை உதைத்தார்.

தெருவில் புதன்கிழமைதான் தார் போட்டிருந்தார்கள். புதுச் சிலேட்டுப் பலகை மாதிரி கிடந்தது. பொட்டுத் தண்ணீர் இல்லை. தார் மூடிவிட்டதால் தண்ணீர் அடியில் வேறு பக்கம் போகிறது என்று கணக்குப் போட்டார். கம்பியை ஊன்றிக் காதை வைத்தார். உஸ் என்று ஒரு சத்தம் தெளிவாகக் கேட்டது. மூலை வீட்டில் மேல்தொட்டி நிரப்ப மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

வெட்டினார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காக்கிச் சட்டையும் கடப்பாரையும் இருந்தால் ஒருவன் எந்தத் தெருவையும் வெட்டிக்கொண்டு போகலாம். எதிர் வீட்டு அம்மாள் டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்து, "லீவு நாள்லகூட வேலையா, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டரை அடியில் குழாய் தட்டுப்பட்டது. கையால் மண்ணை ஒதுக்கினார். அவருடைய ஜாயின்ட். போட்டுவிட்டுப் போனபோது தடவிய கிரீஸ்கூட போல்ட்டில் அப்படியே இருந்தது. காய்ந்த மண். ஈரத்தின் வாடைகூட இல்லை. அவர் அதை மாட்டைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு நிமிடம் குழிக்குள் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

அப்போது மொபெட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நேயர்களே, இதுவரை நீங்க கேட்டது போன வருஷம் இதே மாசம் ஒலிபரப்பான நிகழ்ச்சியோட மறுஒலிபரப்பு. வாரநாள்ல கேக்க முடியாதவங்களுக்காக இந்த ஞாயிறுல இருந்து..."

பைப்புக்காரர் குழாயைப் பார்த்தார். பிறகு வெட்டிப் போட்ட தாரைப் பார்த்தார். ஒரு வருடம் முன்பு பேசிய பேச்சைக் கேட்டு, ஒரு வருடம் முன்பு அடைத்த கசிவை அடைக்க வந்திருக்கிறார். மண்ணைத் தள்ளி மூடினார், மிதித்தார். தார்த் துண்டுகளைப் பொறுக்கி மேலே வைத்துப் பார்த்தார். உடைந்த அப்பளத்தை ஒட்ட வைத்ததுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவியின் வாயில் குண்டூசிகள் இருந்தன. அவளால் சிரிக்கவும் முடியவில்லை, அடக்கவும் முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்திவிட்டு அப்புறம்தான் சிரித்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் அறையிலிருந்து ஓடிவந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இரண்டாம் தடவை அவரே கொஞ்சம் சிரித்துவிட்டார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். திங்கட்கிழமை காலையில் வாத்தியார் கூப்பிட்டார். இது மறுஒலிபரப்பு அல்ல.

"ஆறு வருஷம் மனு குடுத்து வாங்கின ரோடு அக்கா. நாலே நாள். எந்தப் புண்ணியவானோ வந்து நடுவுல வெட்டிட்டுப் போயிட்டான். கேக்கிறேன், அவன் கை விளங்குமா?"

தையல் மெஷின் நின்றது. குழி வெட்டியதற்குத் தன் கணவரை அவள் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம்; அவர் கையைப் பற்றி வேறொருவர் பேசுவது வேறு. லைன் எப்படிக் கிடைத்ததோ, மூன்றாவது ஆளாக அவள் பேசினாள்.

"வாத்தியார் சார் தெரியாம பேசக்கூடாது அக்கா. அடியில லீக் இருந்திருக்கும். குடிக்கிற தண்ணியில சாக்கடை கலந்தா முதல்ல சத்தம் போடுறது யாரு? அவருதான். யாரோ ஒரு நல்ல மனுஷன் லீவு நாள்ல வந்து பாத்துட்டுப் போயிருக்காரு."

"சரியா சொன்னீங்க தையல்காரம்மா" என்றாள் அக்கா.

சாக்கடை என்ற அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தத் தெருவிலிருந்து மூன்று பேர் கூப்பிட்டுக் குழாய்த் தண்ணீர் நாறுகிறது என்றார்கள். ஒருவர் முந்தின நாளே நாறியது என்றார். புதன்கிழமை ஒரு தாய், தன் பையனுக்கு வயிற்றுவலி, பள்ளிக்கு அனுப்பவில்லை என்றாள். அன்றைக்குப் பையனுக்குக் கணக்குப் பரீட்சை என்பதை அவளே பேச்சுவாக்கில் சொன்னாள், யாரும் கவனிக்கவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் தண்ணீரைக் காய்ச்சினார்கள். அக்கா நிகழ்ச்சியின் நடுவிலேயே இன்ஜினியரைப் போனில் பிடித்தாள்.

"சார், ஊரே கேட்டுட்டு இருக்கு. என்ன நடவடிக்கை எடுக்கப் போறீங்க?"

ஊரே கேட்கிறது என்றதும் இன்ஜினியரின் குரல் மாறிவிட்டது. "வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மெஷின் வச்சு அந்தத் தெரு முழுக்கத் தோண்டி, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் சோதிப்போம். இது என் வாக்கு."

தோண்டும் உத்தரவு வியாழக்கிழமை பைப்புக்காரர் கைக்கு வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு நேராக இன்ஜினியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். குழி, ரேடியோ, காய்ந்த ஜாயின்ட். மனைவியை மட்டும் விட்டுவிட்டார்.

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப லீக்கே இல்ல."

"இல்ல சார்."

"உனக்கு மெமோ உண்டு. அது தனி. ஆனா நான் ரேடியோவுல சொல்லிட்டேனேய்யா. இப்ப தோண்டலைன்னா, மூடி மறைக்கிறான்னு நாளைக்கு அதே ரேடியோவுல கிழிப்பாங்க. ரேடியோவுல சொன்னதை ரேடியோவுலதான் எடுக்க முடியும். போய்ச் சொல்லு. பத்து மணிக்குள்ள சொல்லிட்டா மெஷினைத் திருப்பறேன். இல்லைன்னா தோண்டு."

அன்று மாலை சமையலறையில் சண்டை.

"நீ சொன்ன பொய்யால ஒரு ரோடே போகப் போவுது."

"நான் சொன்ன பொய்யா? நீங்க வெட்டின குழி எங்க போச்சு?"

"குழி மூணு அடி. உன் வாய்தான் தெரு நீளம்."

"யாருக்காகப் பேசினேன்? எனக்காகவா? பேசட்டும், கை விளங்காம போகட்டும்னு நான் சும்மா இருந்திருக்கணும்." அவள் கரண்டியை வைத்தாள். குரல் இறங்கியது. "நாளைக்கு நீங்க சொன்னா, அப்ப லீக்னு சொன்ன அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்னு அக்கா கேப்பா. அப்புறம் யாரு என்னை மதிப்பா?"

"உன் பேரை நான் இழுக்க மாட்டேன்."

"பொய் சொல்லத் தெரியாத மனுஷன் நீங்க. காத்து வாங்கக் கடப்பாரை எடுத்துட்டுப் போன ஆளு."

மகள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் இதை அப்படியே நாளைக்கு அக்காகிட்ட பேசுங்க. கேக்க நல்லாயிருக்கும்" என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் அவளை வாயை மூடச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் மண் தோண்டும் மெஷின் தெருமுனைக்கு வந்துவிட்டது. மஞ்சள் நிறம். அதன் டிரைவர் இளைஞன். மேலே உட்கார்ந்தபடி பன் தின்றுகொண்டிருந்தான். தெருக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வாத்தியார் புது ரோட்டின் நடுவில், யாரோ செத்துப்போன வீட்டில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்.

பைப்புக்காரர் லைட் கம்பத்தில் சாய்ந்து டயல் செய்தார். எங்கேஜ்டு. ஊரே அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. மறுபடி எங்கேஜ்டு. ஒன்பதரை. ஒன்பதே முக்கால்.

"அண்ணே, ஆரம்பிக்கலாமா?" என்றான் டிரைவர்.

"பன்னைத் தின்னுடா."

"தின்னுட்டேன்."

"தண்ணி குடி."

"இந்தத் தெருத் தண்ணியையா?"

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு மணி அடித்தது. எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம், யார் பேசறீங்க?"

ஒன்பது வருடம் தினம் கேட்ட குரல் நேராகத் தன் காதுக்குள் வந்ததும் அவருக்கு வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக மொபெட் ரேடியோ வீல் என்று கத்தியது.

"அண்ணே, பக்கத்துல இருக்கிற ரேடியோவைக் குறைங்க."

அதை அணைத்துவிட்டால் தெருக்காரர்கள் எப்படிக் கேட்பது? வாத்தியார் கயிற்றை அவிழ்த்து ரேடியோவை எடுத்துக்கொண்டு இருபதடி தள்ளிப் போனார். கூட்டமும் அவர் பின்னால் போனது. பைப்புக்காரர் கம்பத்தடியில் தனியாக நின்று பேச, தெருவே அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரைக் கேட்டது.

"நான் பைப்புக்காரர் பேசறேன் அக்கா. அந்தக் குழியை வெட்டினது நான். லீக் கிடையாது. ஞாயித்துக்கிழமை உங்க மறுஒலிபரப்பைப் புதுசுன்னு நினைச்சு வெட்டிட்டேன். போன வருஷமே அதை நான் அடைச்சாச்சு. இப்பவும் எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு. தெருவைத் தோண்ட வேண்டாம்."

அக்கா சிரிப்பை விழுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அப்ப சாக்கடை கலந்திருக்குன்னு...? தையல்காரம்மா அவ்வளவு உறுதியா சொன்னாங்களே?"

பைப்புக்காரர் இருமினார். பிறகு மறுபடி இருமினார்.

"ஒரு நிமிஷம் அண்ணே. இன்னொரு லைன்ல அவங்களே இருக்காங்க. சொல்லுங்க தையல்காரம்மா."

"அவரு இருமிக்கிட்டேதான் இருப்பாரு அக்கா. சொல்ல மாட்டாரு. அவரு என் வீட்டுக்காரரு."

வானொலியில் மூன்று விநாடிக்கு மேல் மௌனம் இருக்கக் கூடாது என்பார்கள். அன்றைக்கு இருந்தது.

"நீ எதுக்கு இப்ப கூப்பிட்டே?" என்றார் பைப்புக்காரர்.

"நீங்க முழுசா சொல்லுவீங்கன்னு நம்பிக்கை இல்ல."

"சொல்லிட்டுத்தானே இருந்தேன்?"

"குழியைச் சொன்னீங்க. புளுகினது யாருன்னு கேட்டா காசநோய் வந்த மாதிரி இருமறீங்க. அக்கா, கேளுங்க. லீக்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. இவரு கை விளங்குமான்னு ஒருத்தர் கேட்டாரு. இருபத்தாறு வருஷமா ராவும் பகலும் சேத்துல கிடக்கிற கை அக்கா அது. பொறுக்கல. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். இனிமே நான் பேச வரலை, நீங்களும் கூப்பிடாதீங்க."

"நீ எப்படிப் பேசாம இருப்பே?" என்றார் பைப்புக்காரர், உண்மையான சந்தேகத்தோடு.

இருபதடி தள்ளி எல்லோரும் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"விளங்குமான்னு ஒரு கேள்விதான் கேட்டேன்" என்றார் அவர். "விளங்காதுன்னு நான் சொல்லவே இல்ல." பிறகு ரேடியோவை எதிர் வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று வந்து போனை வாங்கிக்கொண்டார்.

"அக்கா, வாத்தியார். அந்த மறுஒலிபரப்புல பேசினவன் நான்தான். போன வருஷம் நான் சொல்லித்தான் இவரு அடைச்சாரு. நன்றியை உங்களுக்குச் சொன்னேன். இந்த வருஷமும் நான் சொல்லித்தான் வெட்டினாரு. அதுக்கு இவரைத் திட்டினேன். தையல்காரம்மா, கோவிச்சுக்காதீங்க. நீங்க பேச வரலைன்னா அப்புறம் நான் யாரோட சண்டை போடறது?"

"அப்ப தண்ணி நாறுதுன்னு மூணு பேர் சொன்னாங்களே சார்?" என்றாள் அக்கா.

வாத்தியார் கூட்டத்தைப் பார்த்துக் கேள்வியை உரக்கக் கேட்டார். எதிர் வீட்டு அம்மாள் ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோசித்தாள்.

"சாக்கடைன்னு கேட்டதும் நாறிச்சு" என்றாள். "இப்ப நாறலை."

பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது இன்ஜினியர் தானாகவே வானொலிக்குப் போன் செய்தார். இலாகாவின் முழுமையான ஆய்வில் கசிவு ஏதும் இல்லை என்று உறுதியாகிவிட்டது, எனவே தோண்டும் பணி கைவிடப்படுகிறது என்று, எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் சொன்னார். மெஷின் பின்னால் நகரும்போது கீச்கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வயிற்றுவலிப் பையனும் அதில் இருந்தான்.

மெமோ மறுநாள் வந்தது. உத்தரவில்லாமல் ஏன் வெட்டினாய் என்பதற்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள். மகள் அரைப் பக்கத்துக்கு நயமாக எழுதிக் கொடுத்தாள். பைப்புக்காரர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேறு தாளில் தானே இரண்டு வரி எழுதினார்: 'நான் போட்ட ஜாயின்ட் ஒழுகுகிறது என்று நினைத்தேன். ஒழுகவில்லை.'

"இது மன்னிப்பு கேக்கிறதா, இல்ல பெருமையடிக்கிறதா?" என்றார் இன்ஜினியர்.

"ரெண்டும்தான் சார்."

தண்டனை, வெட்டிய இடத்தை லீவு நாளில் தானே தார் போட்டு மூட வேண்டும் என்பது. ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பாவில் தாரைக் காய்ச்சி, ஜல்லி கலந்து கொட்டி, கட்டையால் அடித்துச் சமன் செய்தார். போன ஞாயிறு ஒரு வார்த்தை கேட்காத தெரு இந்த ஞாயிறு முழுக்க வந்து நின்று யோசனை சொன்னது. இடது பக்கம் தூக்கியிருக்கிறது என்றார் ஒருவர். வாத்தியார் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"தம்பி, ஒரு விரல் மேடா இருக்கே."

"நாலு லாரி போனா அமுங்கிடும் சார்."

"இந்தத் தெருவுல லாரி எங்க வருது?"

அது நியாயமான கேள்வியாக இருந்தது. மனைவி பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தாள். அவள்தான் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, முதலில் ஏறி நின்றாள். அப்புறம் எதிர் வீட்டு அம்மாள். "எடை இருக்கிறவங்க முன்னாடி வாங்க" என்று வாத்தியார் வரிசைப்படுத்தினார். யாரும் முன்னால் வரவில்லை என்றதும் அவரே ஏறினார். மூன்றடிக்கு இரண்டடி இடத்தில் ஏழெட்டுப் பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சூடு செருப்பில் ஏறியது. நாளைக்குக் காலை எதைப் பற்றிப் பேசலாம் என்று தையல்காரம்மாவும் வாத்தியாரும் அங்கேயே தர்க்கம் செய்ய ஆரம்பித்தார்கள். பைப்புக்காரர் டீயைக் குடித்தபடி சுற்றி வந்து, ரோட்டுக்குச் சமமாக வந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். வந்துவிட்டிருந்தது. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று, அதைச் சொல்லாமல் இருந்தார்.